நிலைப்படியைத் தாண்டிய கால்

1

இன்று காலை குளித்து விபூதி பூசியதும் முதல் வேலையாக வாசலில் குந்தி உட்கார்ந்து, தரையோடு சேர்த்து முடுக்கியிருந்த மரச்சட்டத்தைக் கழற்றினேன். ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு வந்த நாளிலிருந்து குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்கிறோம். வீட்டு ஏஜென்ட் அம்மா நேற்று வந்து சுவர், அடுப்பு, குழாய் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, போகும்போது அந்தச் சட்டத்தைச் செருப்பு முனையால் தட்டி, "இது எதற்கு?" என்றாள். தண்ணீர் உள்ளே வராமல் இருக்க என்றேன். இந்த வாசலில் தண்ணீர் நின்று நானும் பார்த்ததில்லை, அவளும் பார்த்திருக்க மாட்டாள். அவள் நம்பவில்லை. அவள் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். இந்த ஊரில் பாதி நாள் இப்படித்தான் போகிறது.

மூன்று விரல் உயரச் சட்டம் அது. மஞ்சள் பெயின்ட் அடித்து, வெள்ளிக்கிழமை தோறும் குங்குமப் பொட்டு வைத்து வந்தேன். நம் ஊர் வீடுகளில் உள்ள நிலைப்படி இங்கே கிடையாது. கதவைத் திறந்தால் வெளியே உள்ள தரை அப்படியே உள்ளே வருகிறது. தெருவும் வீடும் ஒன்றாக இருந்தால் லட்சுமி எங்கே உட்காருவாள்? அதனால் நானே ஒன்று செய்து வைத்தேன்.

அதைக் கையில் எடுத்ததும் எங்கள் மகள் காந்திமதியின் கால் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம், சேரன்மகாதேவியிலும் டவுனிலும், அவள் காலைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். ஆஸ்திரேலியாவில் காலை அறுத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. மிஷின் கால் பொருத்தியிருக்கிறது என்று இன்னொரு பேச்சு. இரண்டும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

2

காந்திமதி எங்களுக்கு ஒரே பிள்ளை. டவுனில் அம்மன் சன்னதியில் வேண்டிக்கொண்டு பிறந்ததால் அம்மன் பெயர். இங்கே பள்ளிக்கூடத்தில் கேத்தி என்று கூப்பிடுகிறார்கள். முதலில் திருத்திப் பார்த்தேன். அவளே, "விடுங்கப்பா, அவுங்களுக்கு வாயில நிக்க மாட்டேங்கு" என்றாள். அவளுக்கும் அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்கவில்லை.

ஒன்றரை வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். காய்ச்சல் விட்டது, கூடவே இடது காலும் விட்டுப்போனது. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். ஊசியால் வந்ததா காய்ச்சலோடு வந்ததா என்று கேட்டால், ஊசி போட்டவர் ஒன்று சொன்னார், பாளையங்கோட்டையில் பார்த்தவர் வேறொன்று சொன்னார். அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் சொல்வதை நான் ஒரு காதால்தான் கேட்பேன். வீட்டில் இதற்கு மதிப்பில்லை. ஏனென்றால் என் மனைவி பகவதி ஒரு நர்ஸ். அவள் வேலையை வைத்துத்தான் இந்த நாட்டுக்கே வந்தோம். பத்தாவது படித்துவிட்டு ரத வீதியில் பாத்திரக் கடையில் நின்றுகொண்டிருந்த என்னை எந்த நாடு கூப்பிடும்?

தாமிரபரணியில் தண்ணீர் இறங்கி மணல் கிடக்கும் மாதங்களில், சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவேன். ஈர மணலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி பறித்து, அவள் கால்களை உள்ளே இறக்கி, மணலை அணைத்து நிற்க வைப்பேன். அப்படி நின்றால் கால் பலப்படும் என்று ஊரில் சொன்னார்கள். அழுவாள். அழுகை நின்றதும் மணலில் கையால் கோடு போட்டு விளையாடுவாள். மணலால் நடந்தாளோ, முருகன் கருணையால் நடந்தாளோ, மூன்று வயது தாண்டி நடந்துவிட்டாள்.

நடக்கத் தொடங்கிய பிறகும் அந்த மணலுக்குக் கூட்டிப் போவேன். முன்னே அவளை விட்டுப் பின்னால் தடம் பார்த்துக்கொண்டு போவேன். வலது கால் முழுதாகப் பதிந்திருக்கும். இடது காலும் பதிந்திருக்கும். ஆனால் அந்தத் தடத்திலிருந்து அடுத்த தடம் வரைக்கும் பெருவிரல் இழுத்த மெல்லிய கோடு ஒன்று கிடக்கும். பாதத்தை நிமிர்த்தித் தூக்க அவளுக்குப் பலம் இல்லை, அதனால் விரல் தரையில் உரசிக்கொண்டு வரும். அந்தக் கோடு இருந்தால் அது என் மகள் தடம். இத்தனை பேர் நடக்கும் ஆற்றங்கரையில் நான் கண்டுபிடித்துவிடுவேன்.

நிலைப்படியை மட்டும் அவள் மிதிக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். மற்ற பிள்ளைகள் ஓடுகிற ஓட்டத்தில் தாண்டிவிடும். இவள் இடுப்பை ஒரு பக்கம் ஏற்றி, இடது காலை மொத்தமாகத் தூக்கி, வளைத்து அந்தப் பக்கம் வைக்க வேண்டும்.

"சின்னப் பிள்ள, மிதிச்சா மிதிச்சிட்டுப் போறா. லட்சுமி ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டா" என்பாள் பகவதி.

"லட்சுமி கோவிச்சுக்கிட மாட்டா. நான் கோவிச்சுக்கிடுவேன்" என்பேன்.

விசாவுக்காகச் சென்னையில் ஒரு டாக்டர் அவளைச் சோதித்தார். அறைக்குள் அங்கும் இங்கும் நடக்கச் சொன்னார். ஊனமுள்ள பிள்ளை என்று எழுதிவிட்டால் குடும்பத்துக்கே விசா இல்லை என்று பயமுறுத்தியிருந்தார்கள். நான் சுவரோரம் நின்று கண்ணாலேயே அவளிடம் பேசினேன்: இழுக்காதே, தூக்கி வை. அவள் தரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். விசா கிடைத்தது. ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் திருச்செந்தூருக்கு நடந்து போனேன். அவளைத் தோளில் வைத்துக்கொண்டுதான் போனேன். அடுத்த முறை இவள் தன் காலாலேயே நடந்து வருவாள் என்று கடற்கரையில் நின்று நேர்ந்துகொண்டேன்.

3

இங்கே வந்து சில வருஷம் யாரும் அவள் காலைப் பற்றிப் பேசவில்லை. பதினோரு வயதில் பள்ளிக்கூடத்து நர்ஸ் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினாள். அதிலிருந்து ஒரு டாக்டர், அவரிலிருந்து இன்னொரு டாக்டர். ஒவ்வொரு இடத்திலும் அதே கேள்விகள், புதுத் தாள். பிறகு நடையைப் படம் பிடிக்கும் இடத்துக்கு வரச் சொன்னார்கள்.

நடையைப் படிப்பதற்கென்றே ஒரு கட்டடம் இருக்கிறது என்பதை நான் நம்பவில்லை. மனுஷன் நடக்கிறான், இதில் படிக்க என்ன இருக்கிறது? போய்ப் பார்த்தால் கல்யாண மண்டபம் மாதிரி நீளமான கூடம். சாம்பல் நிறத் தரை. சுவர் நெடுக கேமராக்கள், ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு விளக்கு. ஹெலன் என்று ஒரு இளம்பெண், அங்கே ஆராய்ச்சி செய்பவள், காந்திமதியை அரை டிரவுசர் போடச் சொல்லி, இடுப்பு, முழங்கால், கணுக்கால், பெருவிரல் என்று கோலிக்குண்டு அளவுக்குப் பளபளக்கும் உருண்டைகளை ஒட்டினாள். கேமராவுக்குப் பிள்ளை தெரியாதாம், உருண்டைகள் மட்டும்தான் தெரியுமாம். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளை தெரியாத கேமராவை வைத்து என்ன வைத்தியம்?

கையெழுத்துப் போடத் தாள் கொடுத்தார்கள். அதில் ஒரு இடத்தில், எடுத்த படங்களைப் படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதமா என்று இருந்தது.

"பாத்தியா?" என்றேன் பகவதியிடம். "வைத்தியத்துக்குன்னு கூப்பிட்டுட்டு பிள்ளைய வச்சுப் படிக்காங்க."

"படிச்சாத்தான வைத்தியம் பாக்க முடியும்? பைய பேசுங்க, அந்தப் பொண்ணு பாக்கா."

"அவளுக்குத் தமிழ் தெரியுமாக்கும்?"

"ஒங்க மூஞ்சி தெரியும்லா."

கூடத்தின் நடுவில் தரையோடு தரையாக இரண்டு இரும்புத் தகடுகள் பதித்திருந்தார்கள். அவற்றைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. அது ஒரு விதத் தராசு என்று பகவதி எனக்குச் சொன்னாள். கால் படும்போது எவ்வளவு பாரம் இறங்குகிறது, முன்னாலா பின்னாலா, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று எல்லாம் அது சொல்லிவிடும். தராசு என்றதும் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. பாத்திரக் கடையில் நின்றவனுக்குத் தராசு புதிதில்லை. தராசை எப்படியெல்லாம் சாய்க்கலாம் என்பதும் புதிதில்லை.

நான் ஒரு நாற்காலியைத் தகடுகளுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காந்திமதி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். திரும்பவும் நடந்தாள். ஒவ்வொரு முறையும் ஹெலன் அவள் நிற்கும் இடத்தைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று மாற்றி நிறுத்தினாள். பிறகு கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்தவனிடம் போய்க் காதுக்குள் பேசினாள். கடைசியில் காந்திமதி பக்கத்தில் குனிந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். காந்திமதி தலையாட்டினாள். அடுத்த முறை அவள் தகட்டில் இடது காலை வைத்தாள். சுடுகிற அடுப்பில் கை பட்ட மாதிரி வைத்தும் வைக்காமலும் எடுத்துவிட்டாள்.

நான் எழுந்துவிட்டேன். "கரண்ட்?" என்று ஹெலனிடம் கேட்டேன். "ஷாக்?"

ஹெலன் சிரித்துக்கொண்டே அதன் மேல் ஏறி நின்று காட்டினாள். அவள் ஷூ போட்டிருந்தாள். என் மகள் வெறுங்கால். அதையும் நான் கவனித்தேன்.

4

இரண்டு வாரம் கழித்துப் பெரிய டாக்டர் கூப்பிட்டார். டிவி மாதிரி ஒரு பெட்டியில், தகடுகள் இருக்கும் இடத்தில் நடந்ததை மட்டும் போட்டுக் காட்டினார். உடம்பு கிடையாது, வெறும் கோடுகள். குச்சியால் செய்த பொம்மை நடப்பது போல இருந்தது. "பாருங்கள், இடது காலைக் கொண்டுவர இடுப்பை எவ்வளவு ஏற்றுகிறாள். காலைத் தரையில் வைத்தாலும் பாரத்தை இறக்கப் பயப்படுகிறாள். இப்படியே போனால் இடுப்பும் முதுகும் கெட்டுவிடும்" என்றார். கணுக்காலில் உள்ள எலும்புகளைச் சேர்த்துப் பூட்டிவிடலாம் என்றார். பூட்டினால் பாதம் தொங்காது, ஆனால் பழையபடி வளைந்தும் கொடுக்காது. ஒரு முறை பூட்டினால் பூட்டியதுதான். அதற்கு நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாள் கொடுத்து, கெடுவும் வைத்தார்.

பகவதி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். நான் அந்தக் கோட்டுப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது காலை உயரத் தூக்கி, வளைத்து வைத்துக்கொண்டு போயிற்று. பெருவிரல் உருண்டை தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மிதந்து போயிற்று. இந்தக் கால் மணலில் நடந்தால் கோடு விழாது.

பஸ்ஸில் வரும்போது சொன்னேன்: "அது நம்ம பிள்ள இல்ல."

"எது?"

"டிவில நடந்தது. வேற பிள்ள. மாத்திட்டாங்க."

பகவதி ஜன்னல் வழியே பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் காந்திமதியின் பள்ளிக்கூட ஷூவை எடுத்து வந்து பகவதி முன்னால் வைத்தேன். வலது ஷூ புதுசு மாதிரி இருந்தது. இடது ஷூவின் முனை தேய்ந்து உள்ளே இருந்த துணி தெரிந்தது.

"அவ்வளவு ஒசரத்துக்குத் தூக்கி நடக்கவளுக்கு இந்த முனை எப்படித் தேயும்? நீயே சொல்லு."

"ஏங்க, உருண்டைய ஒட்டி கேமராவுல எடுத்திருக்காங்க. நீங்க ஷூவத் தூக்கிட்டு வாரீங்க."

"மாத்திட்டாங்கன்னா மாத்திட்டாங்க. கடையில எத்தன தடவ பாத்திருக்கேன். ஒருத்தன் வாங்கின குத்துவிளக்கு இன்னொருத்தன் பையில போயிரும்."

"பிள்ளையும் குத்துவிளக்கும் ஒண்ணா?"

அந்த வாரம் சேரன்மகாதேவியில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணன் சந்தேகத்தில் எனக்கும் அண்ணன்.

"ஏலே, வெள்ளைக்காரன் சும்மா எதுக்குலே படம் பிடிக்கான்? அவனுக்குப் படிக்க ஒரு காலு வேணும். ஒம் மக காலு அம்புட்டுருச்சு" என்றார். "கையெழுத்து போட்டியா?"

"பகவதி போட்டுட்டா. நான் போடல."

"போடாத. செந்தூருக்கு நேந்துகிட்ட காலுலே அது. பூட்டிப்போட்டா எப்படி நடப்பா?"

போனை வைத்த பிறகு பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. கையெழுத்துப் போட்டால், யாரோ ஒரு பிள்ளைக்கான பூட்டை என் மகள் காலில் போட்டுவிடுவார்கள். போடாமல் விட்டு, டாக்டர் சொன்னது உண்மையாக இருந்தால், இடுப்பு கெட்டுக் கிடக்கப்போகிறவளும் என் மகள்தான். வைத்தியம் வேண்டாம் என்கிற தகப்பனிடம் விசாரிக்கக் குழந்தைகள் நல ஆபீசிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று வேலை செய்யும் இடத்தில் ஒருவர் வேறு சொல்லியிருந்தார். அதன் பிறகு வாசலில் கார் நின்றாலே திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். பூஜை அலமாரி முன் உட்கார்ந்தால் கந்த சஷ்டி வரிகள் பாதியில் மறந்துபோயின.

காந்திமதியிடம், "ஒனக்கு என்னட்டி தோணுது?" என்று கேட்டதற்கு, "ஐ டோன்ட் நோ" என்றாள். கொஞ்ச காலமாக முக்கியமான விஷயங்களுக்கெல்லாம் அவள் இங்கிலீஷுக்குப் போய்விடுகிறாள். அங்கே என்னால் பின்னால் போக முடியவில்லை.

5

கையெழுத்துக்குக் கெடு முடிகிற வாரம். அதிகாலை ஷிப்ட் முடிந்து வந்து வாசலுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு அவள் வருவது தெரிந்தது. கேட்டிலிருந்து வாசல் வரை சிமெண்டுப் பாதை. டக், சர்ர். டக், சர்ர். இடது ஷூ முனை சிமெண்டில் உரசுகிற சத்தம். ஆற்று மணலில் கண்ணால் பார்த்த கோட்டை இங்கே காதால் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். மஞ்சள் சட்டத்துக்கு முன்னால் ஒரு நொடி நிதானித்து, இடுப்பை ஏற்றி, இடது காலை மொத்தமாகத் தூக்கி வளைத்து, உள்ளே வைத்தாள்.

டிவியில் நடந்த கோட்டுப் பொம்மை என் வீட்டுக்குள் வந்து நின்றது.

யாரும் எதையும் மாற்றவில்லை. அந்தக் கூடத்தில் தரையில் மஞ்சள் டேப் ஒட்டிய தகடு. இந்த வாசலில் தரையில் மஞ்சள் பூசிய சட்டம். அவள் அங்கே நடக்கவில்லை, நிலைப்படி தாண்டியிருக்கிறாள். மிதிக்கச் சொன்னபோது, மிதிக்கக் கூடாத இடத்தை மிதிக்கிற மாதிரி மிதித்திருக்கிறாள். அதை எடுத்து அளந்து, படம் போட்டு, எலும்பைப் பூட்ட நாள் குறித்திருக்கிறார்கள். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களைத்தான் பார்த்தேனே ஒழிய அவள் காலைப் பார்க்கவில்லை.

மறுநாள் பகவதிக்கு வேலை. நான் தனியாகவே ஹெலனைப் பார்க்கப் போனேன், கையில் ஷூவோடு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், எங்கள் வீட்டில் கதவுக்குக் கீழே லட்சுமி உட்கார்ந்திருக்கிறாள், அவள் மேல் கால் வைக்கக் கூடாது என்று சொன்னேன்.

"லட்சுமி யார், உங்கள் இளைய மகளா?" என்றாள்.

"இல்லை, கடவுள்" என்றேன்.

அவள் பேனாவை எடுத்தாள். நான் எதிர்பார்த்ததெல்லாம், இந்தத் தகப்பனுக்குப் புத்தி சரியில்லை என்று எழுதப்போகிறாள் என்பதுதான். அந்தப் பேனாவை வாங்கி ஒரு தாளில் கதவு வரைந்து, கீழே சட்டம் வரைந்து, நானே நாலு தடவை தாண்டிக் காட்டினேன். வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஹெலன் ஷூவை வாங்கித் தேய்ந்த முனையை விரலால் தடவினாள். போய் மஞ்சள் டேப்பைப் பார்த்தாள். "அன்றைக்கே எனக்குச் சந்தேகம்" என்றாள். "தகடு வரும் இடத்தில் மட்டும் வேறு மாதிரி நடந்தாள். வலி என்று நினைத்துவிட்டோம்."

சந்தேகம் எனக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தேன்.

6

திரும்ப ஒரு நாள் வரச் சொன்னார்கள். டேப்பை எடுத்துவிட்டு, தரை நிறத்திலேயே விரிப்புப் போட்டுத் தகடுகளை மூடியிருந்தார்கள். எது தகடு எது தரை என்று எனக்கே தெரியவில்லை. முருகனை நினைத்துக்கொண்டு அதே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

காந்திமதி நடந்தாள். நடுவில் வந்ததும் இடுப்பை ஏற்றித் தூக்கித் தாண்டினாள். மறுபடியும் அப்படியே. இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்து லட்சுமியையும் இழுத்து அவமானப்பட்டேனா? நான் சொன்ன காரணம் பொய், டாக்டர் சொன்னதுதான் நிஜம் என்றாகிவிட்டது.

அவள் ஹெலனிடம் போய் ஏதோ சொன்னாள். ஹெலன் என்னிடம் வந்து, தயவுசெய்து கொஞ்ச நேரம் வெளியே இருக்க முடியுமா என்றாள். பகவதியை இருக்கச் சொன்னாள். என்னை மட்டும்.

வெளியே வந்தேன். கதவு தானாக மூடிக்கொண்டது. அதில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது, அதையும் உள்ளிருந்து திரையிட்டு மறைத்தார்கள். பெற்றவனை வெளியே நிறுத்தி உள்ளே என்ன செய்கிறார்கள்? எதைச் சொல்லி என்னை அனுப்பினாள்? பிள்ளையே அவர்களோடு சேர்ந்துவிட்டாளா? காதைக் கதவில் வைத்தேன். ஒரு நர்ஸ் கடந்து போனாள். நிமிர்ந்தேன். போனதும் மறுபடி வைத்தேன்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. வெறுங்கால் தரையில் படுகிற சத்தம். தப், சர்ர். தப், சர்ர். கூடத்தின் அந்த முனையிலிருந்து இந்த முனை வரை, நடுவில் எங்கேயும் நிற்காமல், எங்கேயும் தூக்காமல். ரத வீதியில் குடத்தைச் சுண்டிவிட்டு விரிசல் இருக்கிறதா என்று காது கொடுத்து நிற்பேனே, அப்படி நின்றேன். இடது கால் படும் சத்தம் வலது காலை விடச் சன்னமாக இருந்தது. ஆனால் பட்டது.

பெரிய டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புதிதில் பெருவிரல் உருண்டை தரையை ஒட்டியே இழுத்துக்கொண்டு வந்தது. பாரமும் இறங்கியிருந்தது. இப்போதைக்குப் பூட்ட வேண்டாம் என்றார். பாதம் தொங்காமல் பிடிக்க, ஷூவுக்குள் போடும் லேசான பிளாஸ்டிக் பட்டை போதும். வளர்ச்சி நின்ற பிறகு பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்ற வார்த்தையை நான் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

பஸ்ஸில் பகவதி தூங்கிவிட்டாள். காந்திமதி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, அந்தப் பொண்ணுட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் இல்லப்பா."

"என்னை வெளிய அனுப்பச் சொன்னியா?"

ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினாள்.

"அதான் மூடிப்போட்டாங்கள்லா. படியும் இல்ல, மஞ்சளும் இல்ல. பெறகு எதுக்குத் தாண்டுன?"

"நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்கள்லா."

"நான் சும்மாதான இருந்தேன்."

"நீங்க சும்மா பாக்க மாட்டீங்கப்பா" என்றாள். அதைத் தமிழிலேயே சொன்னாள்.

சென்னையில் சுவரோரம் நின்றது ஞாபகம் வந்தது. அவள் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் நடந்துகொண்டிருக்கிறாள். நான் இருந்தால் அவளுக்கு எல்லா இடத்திலும் ஒரு நிலைப்படி இருக்கிறது.

7

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கால் அறுக்கவில்லை, மிஷினும் இல்லை. ஷூவுக்குள் ஒரு பட்டை, அவ்வளவுதான். ஷூ முனை முன்போல் தேய்வதில்லை. செந்தூர் நேர்ச்சை பாக்கி இருக்கிறது. பட்டையோடு நடப்பதா, கழற்றிவிட்டு நடப்பதா என்று முருகன்தான் சொல்ல வேண்டும். அவனுக்கு அவசரம் இல்லை என்று நினைக்கிறேன்.

இன்று மத்தியானம் புது வீட்டில் பால் காய்ச்சினோம். அதற்கு முன்னால் சட்டத்தை வாசலில் வைத்து முடுக்கினேன். கழுவி, புதுசாகக் குங்குமம் வைத்தேன்.

"திரும்பவுமா?" என்றாள் பகவதி.

"வீடுன்னா வேணும்லா."

"பிள்ளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

நாலு மணிக்குக் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. நான் வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தேன். எழுந்து அடுப்படிக்குப் போய் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். இந்த வீட்டிலும் கேட்டிலிருந்து சிமெண்டுப் பாதைதான். அவள் நடை நெருங்கி வந்தது. மிதித்தாளா தாண்டினாளா என்பதைத் திரும்பிப் பார்க்காமலேயே சத்தத்தை வைத்து என்னால் சொல்லிவிட முடியும்.

அவள் வாசலுக்கு வரவும், குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன்.